நில்சாக்காவின் ஒட்டகம்

குன்றுச் சரிவில் படிக்கட்டுகளாக ஏறிப்போகிற எங்கள் ஏற்றத்தில் புதிதாகக் குடிவருகிறவர்கள் நில்சாக்காவின் சோளக் கஞ்சியை ஒரு வாய் குடித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பட்டை எங்கே?" என்பதுதான். எங்கள் சல்வடோர் நகரத்தில் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சியைப் பட்டைத்தூள் தூவாமல் விற்பது, உப்புப் போடாமல் மீன்குழம்பு விற்பது மாதிரி. நில்சாக்கா கரண்டியைப் பாத்திர விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வேணும்னா வீட்ல போய்ப் போட்டுக்கோ" என்பாள். அவர்கள் உடனே என்னைப் பார்ப்பார்கள். நான் இந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளர். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பதும், கர்ப்பிணிகளை விரட்டி விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும், ஊர் வம்பையெல்லாம் என் வம்பாக இழுத்துப் போட்டுக்கொள்வதும் என் பிழைப்பு. அதனால் காரணம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரியும்தான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது.

நில்சாக்காவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். குட்டையான கனத்த உடம்பு, அதற்கு நேர்மாறாகக் கீச்சுக் குரல். விடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் அலுமினியப் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கீழே நகரத்துக்கு வேலைக்குப் போகிற பாதிப்பேருக்கு அவள் கஞ்சிதான் காலை ஆகாரம். அதில் சிலருக்கு அவளோடு அதற்கும் முந்திய உறவு உண்டு. அவளுடைய பாலைக் குடித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்தில் பணக்கார வீடுகளில் தங்கி வேலை செய்த பெண்கள், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு திரும்பிப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஒருத்தி வந்துவிடுவாள். பிள்ளையை எங்கே விடுவது? நில்சாக்காவிடம்தான். அவள் மகன் ஜோசலீத்தோ ஒரு பக்கம் குடிப்பான், ஊரான் பிள்ளை இன்னொரு பக்கம். அவன் பால் மறந்த பிறகும் அவள் மாரில் யாராவது ஒரு பிள்ளை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை அப்படியே நம்பின பைத்தியக்காரி. கைம்மாறாக அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பால் குடித்தவர்கள் அவளைக் கடந்து போகும்போது நின்று, "ஆசீர்வாதம், பாலம்மா" என்று கேட்க வேண்டும். "கடவுள் காப்பாத்தட்டும் கண்ணு" என்று அவள் சொன்ன பிறகுதான் பஸ் ஏறலாம். மறந்துபோய் ஏறின ஒரு தடியனை டிரைவரிடம் சொல்லி இறக்கி, ஆசீர்வாதம் வாங்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளில் அவளுக்கு உயிர் ஜாண்டிரா. பெற்றவள் எட்னா, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் அந்தப் பிள்ளை நில்சாக்காவின் இடுப்பில்தான். வளர்ந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஜெனிவாலைக் கட்டிக்கொண்ட பிறகும் தினமும் காலையில் நில்சாக்காவின் முன்னால் குனிந்துவிட்டுத்தான் போவாள். அவளுக்கு மட்டும் கஞ்சியில் பட்டை இரண்டு சிட்டிகை கூடுதலாக விழும்.

நாற்பது வயதில் ஜாண்டிராவின் கழுத்தில் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டிகள் வந்தன. உடம்பெல்லாம் தடிப்பு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காத தாகம். நான்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தத்தைப் பார்த்த டாக்டர் இயாரா, இது ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்றார். இதை உண்டாக்குவது ஒரு வைரஸ் என்றும், எங்கள் ஊர் ரத்தத்தில் அது கொஞ்சம் தாராளமாகவே சுற்றுகிறது என்றும் சொன்னார். அது வருகிற வழிகளில் முக்கியமானவை தாய்ப்பாலும் படுக்கையும்.

அடுத்த முறை நான் கூடப் போக முடியவில்லை. எட்னாதான் போனாள். எட்னாவின் ரத்தத்தைச் சோதித்தார்கள், வைரஸ் இல்லை. ஜெனிவாலின் ரத்தத்தைச் சோதித்தார்கள், இருந்தது. முடிந்தது கதை. அவன் திருவிழாவில் நன்றாக ஆடுவான், பெண்களைச் சிரிக்க வைப்பான். எங்கள் ஏற்றத்துக்கு அது போதும், தீர்ப்பு எழுத. ஜாண்டிரா அவன் துணிமணிகளை மூட்டையாகக் கட்டிப் படிக்கட்டில் உருட்டிவிட்டாள். இந்த நோய் பெரும்பாலும் தொட்டில் வயதில் வைரஸ் வாங்கினவர்களுக்குத்தான் வரும், அதனால் தனக்குக் குழப்பமாக இருக்கிறது என்று டாக்டர் இயாரா சொன்னாராம். அதை யார் காதில் வாங்கினார்கள்? கெட்டவன் கிடைத்த பிறகு எவனும் கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஜெனிவால் தன் கடையிலேயே படுத்துக்கொண்டான். காலையில் கஞ்சிக்கு மட்டும் வருவான். யாரும் அவனோடு பேச மாட்டார்கள். ஓரமாக நின்று குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். நில்சாக்கா அவனுக்கு ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பாத்திரத்தைத் தூக்க நான் ஒரு கைபிடித்து ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "நால்வா, அந்த வைரஸ் பால்ல வரும்னு சொன்னாங்களே. பெத்தவ பால்ல மட்டும்தான் வருமா? எந்தப் பாலா இருந்தாலும் வருமா?"

என் கை பாத்திரத்தை விட்டுவிட்டது. மிச்சக் கஞ்சி படிக்கட்டெல்லாம் ஓடியது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஏற்றம் முழுக்க யாருக்கும் அது தோன்றவில்லை. நோய் என்றால் நோயாளியிடமிருந்து வர வேண்டும் என்பது எங்கள் மண்டையில் ஏறிப்போன கணக்கு. நில்சாக்கா ஒரு தலைவலி மாத்திரை விழுங்கிக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

"உனக்கு என்னக்கா வந்துச்சு, கல்லு மாதிரி இருக்கே," என்றேன்.

"கல்லைத்தான் சோதிச்சுப் பார்க்கணும்," என்றாள்.

யாருக்கும் சொல்லாமல் அவளை டாக்டர் இயாராவிடம் கூட்டிப்போனேன். டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். நெளிநெளியான முடியைப் பேனாவால் சுருட்டிச் செருகியிருப்பார். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார். வைரஸ் இருந்தது. பல காலமாக இருந்திருக்க வேண்டும் என்றார். ஒருவேளை நில்சாக்காவின் அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாமாம்.

நில்சாக்கா அழவில்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அப்போ எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?" என்று கேட்டாள். "இவ்வளவு வருஷம் எனக்குள்ள சும்மா கிடந்தது, அவளுக்குள்ள போய் ஏன் அவளைத் தின்னுது?"

டாக்டர் இயாரா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தோனா நில்சா," என்று எங்கள் ஊர் மரியாதைப்படி ஆரம்பித்தார். "செல்லுக்குள்ள எப்பவும் உத்தரவு போயிக்கிட்டே இருக்கும். வளரு, பிரி, சாகாதேன்னு. அதுக்கு நடுவுல சின்னச் சின்னத் துண்டுங்க இருக்கு. மைக்ரோ ஆர்.என்.ஏ-ன்னு பேரு. அதுங்க எதையும் கட்டாது, எதையும் செய்யாது. உத்தரவு மேல போய் ஒட்டிக்கிட்டு, 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும். அவ்வளவுதான் அதுங்க வேலை. இந்த நோய்ல நாங்க முக்கியமாப் பார்க்கிறது ஒரு துண்டு. உங்க ரத்தத்துல அது நல்லா இருக்கு. ஜெனிவாலுக்கும் இருக்கு. ஜாண்டிராவோட கெட்ட செல்லுங்கள்ல அது இல்லை. அதை எழுதுற இடமே மூடிக் கிடக்கு. சாகாதே, பெருகுன்னு உத்தரவு போயிட்டே இருக்கு, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை."

"அந்தத் துண்டுக்குப் பேர் இல்லையா?"

"நம்பர்தான். முப்பத்தொண்ணு."

"ஒட்டகம்," என்றாள் நில்சாக்கா.

டாக்டர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார். அவரும் இந்த ஊர்தானே. எங்கள் தெருமுனை லாட்டரிச் சீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மிருகம் உண்டு, முப்பத்தொன்று ஒட்டகத்தின் எண். நில்சாக்கா தினமும் ஏதாவது ஒரு மிருகத்தின் மேல் கட்டிவிட்டுத்தான் பல் விளக்குவாள்.

நில்சாக்கா சிரிக்கவில்லை. "நோயைப் பாலோட குடுத்துட்டேன். ஒட்டகத்தைக் குடுக்கலையே," என்றாள்.

"அது உங்க பால்ல போறது இல்லைம்மா. அவ கூடப் பிறந்ததுதான் அது. பல வருஷம் இருந்துட்டு அப்புறம்தான் போயிருக்கு. ஏன் சிலருக்கு மட்டும் போகுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. வைரஸ் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க கடைசிவரைக்கும் நல்லா இருந்துட்டுத்தான் போறாங்க."

"எனக்கு இருக்கிறதை எடுத்து அவளுக்குப் போடுங்க. எவ்வளவு ரத்தம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எனக்கு இனிமே என்னத்துக்கு?"

"ரத்தத்துல ஏத்தினா அது போய்ச் சேராது. ஆய்வுக்கூடத்துல, தட்டுல வெச்ச கெட்ட செல்லுங்களுக்குள்ள அதைத் திருப்பி விட்டா அதுங்க செத்துப்போகுது. மனுஷ உடம்புல செய்ய இன்னும் தெரியலை." டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னும் தெரியலைம்மா."

பிறகு அவர் அடுத்ததைச் சொன்னார். நில்சாக்காவிடம் பால் குடித்த எல்லாரும் ரத்தம் பார்த்தாக வேண்டும். அதிலும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் உடனே. "நான் கூப்பிட்டா பயந்துக்கிட்டு வர மாட்டாங்க. நீங்க சொன்னா வருவாங்க. ஆனா வற்புறுத்த மாட்டேன்," என்றார்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "ஜோசலீத்தோவைச் சோதிக்கச் சொல்லு," என்றாள். சாவ் பாவுலோவில் இருந்த அவள் மகன் அங்கேயே ரத்தம் கொடுத்தான். அவனுக்கு இல்லை. அதைக் கேட்டு எந்தத் தாயும் சந்தோஷப்படுவாள். நில்சாக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "என் பிள்ளையை விட்டுட்டு அடுத்தவ பிள்ளையைப் போய்ப் பிடிச்சிருக்கே. ஊர் என்ன சொல்லும் நால்வா?"

ஊர் என்ன சொல்லும் என்ற அந்தப் பயம்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டது. வாயைத் திறந்தால் ஜாண்டிரா போய்விடுவாள், அந்த ஆசீர்வாதக் குரல்கள் எல்லாம் போய்விடும், அவள் கையால் இனி யாரும் எதையும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். திறக்காவிட்டால் ஜெனிவால் தெருநாயாகத் திரிவான், இன்னும் எந்தெந்தப் பிள்ளையின் வாயில் அது போகுமோ. நான் நச்சரித்தேன், சண்டை போட்டேன், ஒருநாள் கெட்ட வார்த்தையே சொல்லிவிட்டேன். "நாளைக்கு," என்பாள். மறுநாளும் அதேதான். இளைத்துப்போனாள். "ஆசீர்வாதம், பாலம்மா" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிற குரல் வெளியில் வரவே இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவள் வாயைத் திறக்க வைத்தது சிலேனி. அவளும் நில்சாக்காவின் பால்பிள்ளைதான், பெண்களில் கடைசி. பல வருஷம் ஏங்கி, முப்பத்தெட்டு வயதில் கருத்தரித்திருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கஞ்சிக்கு வந்து நின்றவள், தம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பாலம்மா, என் பிள்ளைக்கு ரெண்டு வருஷம் தாய்ப்பால்தான். டப்பாப் பாலைத் தொடவே மாட்டேன். எல்லாம் உங்களைப் பார்த்துத்தான்."

நில்சாக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடுக்காதே," என்றாள்.

"என்ன?"

"ரத்தம் பார்க்காம பால் குடுக்காதே. ஜாண்டிராவுக்கு நோய் என் பால்ல வந்தது. எனக்கு இருக்கு. உனக்கும் இருக்கலாம்." பிறகு வரிசையைப் பார்த்து, அந்தக் கீச்சுக் குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்கிட்ட பால் குடிச்ச எல்லாரும் நால்வாவோட போய் ரத்தம் பாருங்க. ஜெனிவால் மேல தப்பில்லை. ஜாண்டிராகிட்ட இருந்துதான் அவனுக்குப் போயிருக்கு."

வரிசையில் ஒருவன் வாயிலிருந்த கஞ்சியைத் துப்பினான். இன்னொருவன் தம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனான். கஞ்சியில் வராது, தொட்டால் வராது என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? ரொட்டிக்கடைக்காரி சத்தமில்லாமல், ஆனால் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்: "நல்ல பக்கத்தைத் தன் பிள்ளைக்குக் குடுத்துட்டு, கெட்ட பக்கத்தை ஊரான் பிள்ளைக்குக் குடுத்திருக்கா." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் முடியைப் பிடித்திருப்பேன். நில்சாக்கா என் கையைப் பிடித்தாள்.

"விடு. ஜாண்டிரா காதுல வேற யாராவது போடறதுக்கு முன்னாடி நான் போகணும்."

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஏறினோம். எங்கள் ஏற்றத்தில் செய்தி ஆளைவிட வேகமாக ஏறும். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, தம்ளரைக் கையில் பிடித்தபடியே ஜெனிவால் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

ஜாண்டிரா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டி, உதடு வெடித்திருந்தது. எட்னா அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நில்சாக்கா உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, வரிசையில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். ஒட்டகத்தையும் சொன்னாள். தனக்கு இருப்பதை எடுத்துக் கொடுக்கக் கேட்டதையும், முடியாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

எட்னா விசிறியைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஜாண்டிரா மட்டும் அசையவே இல்லை.

"தெரியும்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்னடி தெரியும்?" என்றேன்.

"டாக்டர் கேட்டாங்க, அம்மாவைத் தவிர வேற யாராவது பால் குடுத்தாங்களான்னு. இல்லைன்னு சொன்னேன். அம்மாவும் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. குடுத்ததே நீதான்னு சொல்ல அவங்களுக்கு வெட்கம். எனக்கு வெட்கம் இல்லை." அவள் நில்சாக்காவைப் பார்த்தாள். "ஜெனிவாலை வெறுக்கிறது சுலபமா இருந்துச்சு பாலம்மா. உன்னை எப்படி வெறுக்கிறதுன்னு எனக்குத் தெரியலை. இப்போ நீயே வந்து சொல்லிட்டே. இனிமே நான் யாரை வெறுப்பேன்?"

பாவி, ஒரு அப்பாவி மனுஷனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாளே என்று எனக்குப் பொங்கியது. அவள் மொட்டைத் தலையைப் பார்த்ததும், எட்னா போட்ட விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தேன்.

நில்சாக்கா மெதுவாகக் குனிந்தாள். அந்தக் கனத்த உடம்பு குனிந்து நான் பார்த்ததில்லை. எங்களில் சின்னவர்கள்தான் பெரியவர்களிடம் கேட்பார்கள், பெரியவர்கள் சின்னவர்களிடம் கேட்கிற வழக்கமே கிடையாது. "ஆசீர்வாதம் குடு, மவளே," என்றாள்.

ஜாண்டிரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நில்சாக்கா கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு கட்டிலைப் பிடித்து நிமிர்ந்து வெளியே வந்தாள். வாசற்படியில் ஜெனிவால் உட்கார்ந்திருந்தான், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். "உள்ள போப்பா," என்றாள் அவனிடம். அவன் போகவா வேண்டாமா என்று பார்த்துவிட்டு எழுந்து போனான்.

நாங்கள் இறங்கினோம். நான் அவள் முழங்கையைப் பிடித்திருந்தேன். இனி அந்த நிறுத்தத்தில் உட்கார மாட்டேன் என்றும், பாத்திரத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லியும் ஏதோ முணுமுணுத்தாள். சிலேனிக்குச் சோதனையில் வைரஸ் இருந்தது என்பதும், அவள் பிள்ளை புட்டிப்பாலில் தப்பித்து இன்று எங்கள் படிக்கட்டையெல்லாம் இரண்டுபடுத்துகிறது என்பதும், நில்சாக்கா இன்றைக்கும் டாக்டர் இயாராவிடம் ரத்தம் கொடுக்கப் போய், "ஒட்டகம் இருக்கும்மா" என்ற பதிலைக் கேட்டு அழுதுவிட்டு வருகிறாள் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கொஞ்ச தூரம் இறங்கியிருப்போம். மேலேயிருந்து ஜெனிவாலின் குரல் கேட்டது. வாசலில் நின்று, அதே தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"தோனா நில்சா. நாளைக்கு அவளுக்குக் கஞ்சி கொண்டு வரணுமாம். பட்டை மட்டும் போட வேண்டாமாம். வாயெல்லாம் புண்ணு, எரியுதாம்."

நில்சாக்கா திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் பட்டையில்லாமல் காய்ச்சினாள். நிறுத்தத்தில் யாரும் வாங்கவில்லை. ஒரு தம்ளர் மட்டும் மேலே போயிற்று. ஜூன் மாதத் திருவிழாவுக்குக் கொடி கட்டுகிற வரைக்கும் ஜாண்டிரா அதைக் குடித்தாள். அவள் போய், வரிசை மறுபடி சேர்ந்த பிறகும் நில்சாக்கா பட்டையைத் தொடவில்லை.